ஒரு விரல் திறக்கும் வாய்

கீழ்பென்னாத்தூர்
10.2.2025

கரண்டி மாமா,

அப்படிக் கூப்பிடக் கூடாது என்று நினைத்துத்தான் எழுத உட்கார்ந்தேன். கை பழக்கத்தில் எழுதிவிட்டது. அடித்தால் தாள் அசிங்கமாகப் போகும், இருக்கட்டும். பாசத்தில் எழுதியது என்று நினைத்துக்கொள்ளாதே.

வேன் ஓட்டுகிற கோபியிடம் நீ கொடுத்தனுப்பிய போன் வந்தது. அதே வேனில் திருப்பி அனுப்புகிறேன். போன வாரம் அம்மா போனில் கூப்பிட்டாயே, என்ன பேசினாய் என்று உனக்காவது ஞாபகம் இருக்கிறதா? ஒரு வார்த்தை விளங்கவில்லை. வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. அப்போது மணி காலை பதினொன்று. அம்மா போனைப் பிடுங்கிக் கேட்டுவிட்டு, "குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சும்பாங்க. உன் வூட்டுக்காரர் விடிஞ்சப்புறமும் பேசறாரேடி" என்றது. ஆறு வருஷத்தில் உன்னைக் குடித்துப் பார்த்ததில்லை. பிள்ளை போனதும் அதையும் ஆரம்பித்துவிட்டாய்.

இனிமேல் போன் பண்ணாதே. சொல்ல வேண்டியதை எழுது. எனக்கு ஏழாவது வரைக்கும்தான் படிப்பு. மெதுவாகத்தான் படிப்பேன். ஆனால் படித்ததை மறக்க மாட்டேன்.

தென்றலை வாசலில் இருந்து தூக்கிக்கொண்டு போன அன்றைக்கு எதிர்வீட்டு டீக்கடைக்காரர் வாய்விட்டு அழுதார். அவருக்கு நம் பிள்ளை யார்? உன் சினேகிதர்கள் அழுதார்கள். நீ பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாய். நாலு நாள் காய்ச்சலில் ஏழு மாதப் பிள்ளையைப் பறிகொடுத்தவன் ஒரு தடவை வாயைத் திறந்து கத்த மாட்டானா? நான் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன் மாமா. அது திறக்கவே இல்லை.

அப்புறம் அந்தத் தேங்காய்.

ஆபரேஷன் பண்ணிப் பிள்ளையை எடுத்த மறுநாள், நச்சுக்கொடியை மஞ்சள் துணியில் கட்டி எடுத்துப்போய் வீட்டுக்குப் பின்னால் வேலி மூலையில் புதைத்துவிட்டேன் என்று சொன்னாய். அத்தை அங்கே மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கும்பிட்டாங்க. "கொடி குளிர்ந்தாத்தான் புள்ள குளிரும்" என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தாங்க. பிள்ளையைக் குளிப்பாட்டிய தண்ணீரை ஒரு நாளும் சாக்கடையில் விட்டதில்லை. வயிற்றில் தையல் இழுக்க இழுக்கக் குனிந்து, அந்த மூலையில்தான் ஊற்றினேன். ஏழு மாதம்.

தீபத்தன்று, தீட்டு வருஷம், வீட்டில் விளக்கு வைக்கக் கூடாது என்றாங்க அத்தை. சரி, கொடி கிடக்கிற இடத்துக்கு ஒரே ஒரு அகல் வைக்கலாம் என்று போனேன். மலைமேல் தீபம் ஏற்றிய நேரம். ஊரே தலையைத் தூக்கிப் பார்த்துக் கும்பிடுகிறது. நான் குனிந்து பார்த்தேன். மண்ணைப் பிளந்துகொண்டு ஒரு முளை. தென்னை முளை. கையாலேயே தோண்டினேன். மக்கிப்போன மஞ்சள் துணிக்குள் மட்டைத் தேங்காய்.

கொடிக்கே மண் கிடைக்கவில்லை. பிள்ளை மட்டும் மண்மேல் எப்படி நிற்கும்?

கொடியை என்ன செய்தாய் என்று அன்றைக்கும் கேட்டேன். வாயைத் திறக்கவில்லை. அதற்குத்தான் அம்மா வீட்டுக்கு வந்தேன். இப்போது எழுத்திலாவது சொல்.

அன்புச்செல்வி


திருவண்ணாமலை
14.2.2025

மைனா,

நான் குடிக்கவில்லை. என் வாய் திறப்பதில்லை. முதலில் இதைச் சொல்லிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

உன் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் விட்டுப் பார். நுழையும். எல்லோருக்கும் நுழையும். எனக்கு ஒரு விரல்தான் நுழைகிறது. அதுவும் சுண்டு விரல் என்றால் தாராளம்.

மாவா போட்டேன். பாக்குத்தூள், புகையிலை, சுண்ணாம்பு எல்லாம் சேர்த்துத் தேய்த்துப் பொட்டலமாகக் கொடுப்பார்களே, அது. ஆசிரமத்துப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் அடுப்பில் விடியற்காலையில் நின்றால் சாயங்காலம்தான் நகர முடியும். தூக்கம் வராமல் இருக்க ஒன்று போட ஆரம்பித்தேன். பிறகு ஒரு நாளைக்கு ஆறு. நீ வாசனை என்ன என்று கேட்டபோதெல்லாம் சோம்பு என்றேன்.

போன வருஷம் நீ வைத்த மீன் குழம்பை ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் எழுந்தேனே. "வெள்ளைக்காரிங்களுக்கு ஆக்கிப்போட்டு ஆக்கிப்போட்டு நாக்கும் வெள்ளையாயிடுச்சா?" என்று கேட்டாய். நானும் சிரித்து மழுப்பினேன். வாய் நெருப்பாக எரிந்தது. காரம் கம்மியாகப் போடச் சொல்கிறவர்களுக்கே சமைத்ததால் வேலை இடத்தில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. வீட்டிலும் தப்பித்துக்கொண்டேன்.

தென்றலைத் தூக்கியபோது நான் வாயைத் திறந்தேன் மைனா. ஒரு விரல் அளவில் பூட்டிக்கொண்டது. சத்தம் வெளியே வர இடம் இல்லாமல் உள்ளேயே சுற்றியது. காதுக்குள் கேட்டது. இதற்குமேல் அதைப் பற்றி எழுத முடியவில்லை.

இங்கே காட்டினேன், சென்னையில் ஒரு பல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள். அங்கே டாக்டர் நந்தினி என்று ஓர் அம்மா. கன்னத்து உட்சதை நார் நாராக இறுகிவிட்டதாம். அந்த நாரை இரண்டு பக்கமும் அறுத்து விடவேண்டும். அறுத்ததைச் சும்மா விட்டால் ஆறும்போது மறுபடி இழுத்து மூடிக்கொள்ளும். அதனால் புண்மேல் ஒரு சவ்வைப் போர்த்தித் தைப்பார்கள். எதில் எடுத்த சவ்வு என்று கேட்டேன். ஆபரேஷனில் பிள்ளை பெறுகிறவர்கள் கொடுத்துவிட்டுப் போகிற நச்சுக்கொடியில், பிள்ளை மிதந்த பனிக்குடத்தின் உட்சவ்வு என்றார். கழுவி, சோதித்து, உலர்த்திப் பாக்கெட்டில் வைத்திருப்பார்களாம். வெங்காய அடுக்குகளுக்கு நடுவே ஒரு மெல்லிய தோல் உரிந்து வருமே, அந்த மாதிரி இருக்குமாம்.

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். "என்னாச்சுங்க?" என்றார். ஒன்றுமில்லை என்று உட்கார்ந்தேன்.

நம் தென்றல் கொடியையும் நான் இதற்குத்தான் கொடுத்தேன்.

உனக்கு ஆபரேஷன் நடந்த அன்று ஒரு பெண் தாளோடு வந்தது. "தீக்காயம் பட்ட பசங்களுக்குப் போடுவோம்ணா, கண்ணு போனவங்களுக்குப் போடுவோம். இல்லாட்டி குப்பைக்குத்தான் போவும்" என்றது. எண்ணெய் தெறித்த என் கையைப் பார்த்தேன். கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்தால் அம்மா மூலையில் குழி வெட்டி, மஞ்சள் கரைத்து வைத்துக்கொண்டு நிற்கிறது. கொடுத்துவிட்டேன் என்று சொன்னால் ஆஸ்பத்திரிக்கே போய் ரகளை பண்ணியிருக்கும், உன்னையும் சும்மா விட்டிருக்காது. கொடியை வாங்கி வருகிறேன் என்று சொல்லிப் போய், செங்கம் ரோட்டில் ஒரு தேங்காய் வாங்கினேன். உரித்ததாக வாங்கியிருந்தால் முளைத்திருக்காது. அவசரத்தில் மட்டையோடு வாங்கிவிட்டேன். பன்னிரண்டு வருஷம் தேங்காய் துருவியவனுக்கு இது தோன்றவில்லை.

மார்ச் 17 ஆபரேஷன் என்று தேதி கொடுத்திருக்கிறார்கள்.

புகழேந்தி


கீழ்பென்னாத்தூர்
22.2.2025

புகழேந்திக்கு,

புருஷன் பெயரை எழுதிவிட்டேன். முதல் தடவை. என் அம்மா பார்த்தால் வாயில் அடித்துக்கொள்ளும். எழுதியதும் ஒன்றும் ஆகவில்லை. இன்னும் நாலு தடவை எழுதலாம் போல் இருக்கிறது.

உன் கடிதத்தை நம்பாமல் கோபியைக் கேட்டேன். "மெய்தான்க்கா. அண்ணன் சோத்தைக் கரைச்சு ஸ்ட்ரா போட்டு உறிஞ்சறாரு. பேன்ட்டு நிக்க மாட்டேங்குது, பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டுனு சுத்தறாரு" என்றான். அதை முதலிலேயே சொல்வதற்கு என்னடா என்றேன். "சொன்னா நீ என்னை வேனோட கொளுத்திருப்பே" என்றான்.

மூன்று விரலை விட்டுப் பார்த்தேன். நுழைந்தது. பிறகு ஒரு விரல் அளவுக்கு வாயை வைத்துக்கொண்டு அழுது பார்த்தேன். அம்மா கொல்லையில் இருந்து ஓடிவந்து என்னடி நாய் மாதிரி ஊளை என்று கேட்டது.

அதைப் பற்றி இதற்குமேல் எழுத மாட்டேன். உன்னைக் கல்நெஞ்சன் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அதுமட்டும்தான்.

பக்கத்து வீட்டு அபிநயா சென்னையில் நர்ஸுக்குப் படிக்கிறாள். லீவில் வந்திருந்தாள். நீ எழுதியது நிசம்தான் என்றாள். ஒரு பிள்ளையின் சவ்வில் நிறையத் துண்டு வருமாம், பலபேருக்குப் போடுவார்களாம். சந்தோஷமாகச் சொன்னாள், பாவம். எனக்குச் சோற்றில் கை வைக்க முடியவில்லை.

ஊரில் யார் யாருக்கோ மருந்தாகப் போயிருக்கிறது. நம் பிள்ளைக்கு ஆகவில்லையே. காய்ச்சலில் அவள் உடம்பு கொதித்தபோது நான் போய் அந்த மூலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன், தெரியுமா? கொடி குளிரட்டும் என்று. தேங்காய்க்கு ஊற்றியிருக்கிறேன். நீ பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். அப்போதுகூடச் சொல்லவில்லை.

என் வயிற்றில் இருந்தது. என்னைக் கேட்டாயா?

அன்பு


திருவண்ணாமலை
2.3.2025

மைனா,

ஆமாம், பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் குடத்தை உன் கையில் இருந்து வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை.

கேட்டாயா என்கிறாய். பதில் எழுதப் பயமாக இருக்கிறது. ஆஸ்பத்திரிக் காகிதக் கட்டைத் தேடிப் பார்த்தேன். அந்தத் தாளின் நகல் இருக்கிறது. என் கையெழுத்துக்குமேல் உன் கையெழுத்தும் இருக்கிறது. தியேட்டருக்குப் போகுமுன் அந்தப் பெண் உனக்குப் படித்துக் காட்டியது, நீ தலையை ஆட்டினாய். ஆனால் அன்று நீ பயத்தில் எதற்கும் தலையாட்டுகிற நிலையில் இருந்தாய். அதை வைத்து உன்னை மடக்க மாட்டேன். கேட்டதாக நான் வைத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்று. இடது கன்னத்துக்குள் ஒரு வெள்ளைத் திட்டு இருக்கிறது. அதில் துளி வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்துவிட்டது. இன்னும் புற்று ஆகவில்லை. 'இன்னும்' என்ற சொல்லை டாக்டர் அழுத்திச் சொன்னார். அந்தத் திட்டையும் சேர்த்து எடுக்க வேண்டும். இந்தத் தேதியை விட்டால் மூன்று மாதம் ஆகும், அதற்குள் விரலும் நுழையாது என்கிறார்.

ஆபரேஷனுக்குச் சரி சொல்லிவிட்டேன். சவ்வுக்குச் சொல்லவில்லை. தொடைத் தோலை எடுத்து ஒட்டலாமாம், ஆனால் சிலபேருக்கு வாய்க்குள் முடி முளைக்குமாம். நாக்கால் ஷேவ் பண்ண முடியுமா? ஒன்றும் போர்த்தாமல் வெறுமே விட்டால் பாதிக்குமேல் மறுபடி மூடிக்கொள்ளும்.

டாக்டர் கேட்டார், "யார்கிட்டங்க பர்மிஷன் கேக்கணும் உங்களுக்கு?"

"வீட்லங்க."

"வீட்ல வந்திருக்காங்களா? கூப்பிடுங்க, நான் பேசறேன்."

"பேச்சுவார்த்தை இல்லீங்க."

பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

உனக்குச் சரியாகச் சொல்லாமல் ஒன்றைக் கொடுத்தேன். இன்னொரு தாயுடையதை உனக்குச் சொல்லாமல் என் வாயில் வாங்கிக்கொள்ள மாட்டேன். போட்டுக்கொள் என்று ஒரு வரி எழுது, போடச் சொல்கிறேன். எழுதாவிட்டால் வெறும் தையல். உன்மேல் வருத்தம் இருக்காது.

ஆபரேஷனுக்குப் பிறகு ஐஸ் குச்சி மாதிரி மரக்குச்சிகளை அடுக்கி வாய்க்குள் வைத்து, தினம் ஒரு குச்சி கூட்டிக் கூட்டித் திறக்க வைக்க வேண்டும். ஆறு மாதம். உயிர் போகிற வலியாம். "வீட்டில் கண்டிப்பான ஆள் யாராவது இருக்காங்களா?" என்றார். ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை 14ஆம் தேதி சேர வேண்டும். காலை ஐந்தரைக்குச் சென்னை பஸ். உன் ஊர் வழியாகத்தான் போகும். ஸ்டாண்டில் இரண்டு நிமிஷம் நிற்கும்.

தேங்காயை மறுபடி அதே குழியில் வைத்து மண் தள்ளினேன். அம்மா அரிவாளை எடுத்துக்கொண்டு நிற்கிறது.

புகழேந்தி


கீழ்பென்னாத்தூர்
6.3.2025

இது என்ன பஞ்சாயத்து? உன் வாய். உன் உயிர். தலைக்குமேல் கத்தியைத் தொங்கவிட்டுக்கொண்டு, அதன் கயிற்றை என் கையில் கொடுக்கிறாய். போட்டுக்கொள் என்றால் நீ செய்ததெல்லாம் சரி என்று ஆகும். வேண்டாம் என்றால் நாளைக்கு உனக்கு ஏதாவது ஆனால், அன்புதான் கொன்றாள் என்று ஆகும். பிள்ளைக்கும் நான், உனக்கும் நானா?

நான் தலையாட்டவில்லை. எனக்கு ஞாபகம் இல்லை.

ஒரு வரி கேட்டாய். இந்தா. அத்தை கையில் அரிவாள் இருக்கிறதே, அந்தத் தென்னையை வெட்டச் சொல்.

பஸ் ஸ்டாண்டுக்கெல்லாம் வர மாட்டேன்.


திருவண்ணாமலை
13.3.2025

மைனா,

கோபியிடம் இதைக் கொடுக்கிறேன். இன்று பௌர்ணமிக் கூட்டம், வேனை ஊர் எல்லையிலேயே நிறுத்திவிடுகிறார்கள். நான் அதுவரை நடந்துபோய்த்தான் அவனிடம் கொடுக்க வேண்டும். உன் கைக்கு எப்போது வருமோ.

நீ சொன்னது சரி. கயிற்றை உன் கையில் கொடுத்திருக்கக் கூடாது. திரும்ப வாங்கிக்கொள்கிறேன். சவ்வு வேண்டாம் என்று டாக்டருக்கு நானே போன் செய்தேன். பேசியது புரியாமல் நாலு தடவை கேட்டார். "வேணாம்" என்ற ஒரு சொல்லை நாலு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அதை எழுதி வாங்கிக்கொள்வார்களாம். திங்கட்கிழமை காலையில் தியேட்டருக்குப் போகும்வரை மாற்றலாம் என்றார். மாற்ற ஒன்றும் இல்லை.

தென்னையை வெட்டவில்லை. இந்த ஒன்றில் மட்டும் நீ சொன்னதைக் கேட்கவில்லை. அரிவாளை ஒளித்து வைத்துவிட்டுத்தான் போகிறேன்.

புகழேந்தி


சென்னை, ஆஸ்பத்திரி வராந்தா
16.3.2025, ஞாயிறு

கரண்டி மாமா,

இந்தத் தடவை தெரிந்துதான் எழுதுகிறேன்.

நான் கீழே இருக்கிறேன். நீ இருக்கிற வார்டு மேலே என்று சொன்னார்கள். வார்டு சிஸ்டரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். மேலே வர மாட்டேன். உன் முகத்தைப் பார்த்தால் சண்டை போடுவேன், இல்லாவிட்டால் அழுவேன். இரண்டையும் பத்துப் பேர் நடுவே செய்ய எனக்கு இஷ்டம் இல்லை.

வர மாட்டேன் என்று எழுதிவிட்டு வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கே போய் ஸ்டாண்டில் நின்றேன். முந்தின ராத்திரி மலை சுற்றிய கூட்டம் எல்லாம் சென்னைக்குத் திரும்புகிறது. ஒரு பஸ்கூட நிற்கவில்லை. படியில் தொங்குகிறார்கள், எங்கே நிற்பது? ஒன்பது பஸ் போனது. ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தேன். ஒன்றில் பின்பக்கம் நீலச்சட்டை தெரிந்தது. நீயா இல்லையா என்று நினைப்பதற்குள் செஞ்சி ரோட்டில் திரும்பிவிட்டது. கையை மட்டும் தூக்கினேன். எட்டு மணிக்கு வீட்டுக்குப் போனால் கோபி உன் கடிதத்தோடு நிற்கிறான். "அண்ணன் அப்பவே பூட்டாருக்கா" என்றான்.

மாமா, நான் தலையாட்டினேன்.

ஞாபகம் இல்லை என்று எழுதியது பொய். அந்தப் பெண் படித்துக் காட்டியபோது எனக்குப் பாதி ஏறியது, பாதி ஏறவில்லை. "கொடியை எடுத்துக்கலாமாக்கா?" என்று கேட்டாள். புள்ள நல்லபடியா வந்தாப் போதும், எதை வேணுமானாலும் எடுத்துக்கோங்க என்றுகூடச் சொன்னேன். வாயாலே சொன்னேன். பிள்ளை போனபிறகு அந்த வார்த்தைதான் என்னைத் தின்றது. எதை வேணுமானாலும் எடுத்துக்கோ என்று சொன்னேனே, எடுத்துக்கொண்டுவிட்டதோ என்று. அதை உன் தலையில் ஏற்றிவிட்டால் எனக்குச் சுமை கம்மியாகும் என்று பார்த்தேன். ஜாஸ்திதான் ஆனது.

ஸ்டாண்டில் நின்றபோது இன்னொன்று யோசித்தேன். அந்தத் தேங்காய் உன் பொய்தான். ஆனால் அது எந்தத் தண்ணீரைக் குடித்து முளைத்தது? நீ ஊற்றவில்லை, மழை ஊற்றவில்லை. பிள்ளை குளித்த தண்ணீர். பயத்தமாவும் மஞ்சளும் அவள் உடம்புச் சூடும் கலந்த தண்ணீர். ஏழு மாதம். ஒரு சொட்டு வீணாகப் போகவில்லை. மண்ணில் இருந்து அவளுடையது ஏதாவது எழுந்திருக்கிறது என்றால் அது ஒன்றுதான். அதை வெட்டச் சொல்லி என் கையாலேயே எழுதினேன். நீ அரிவாளை ஒளித்தாய்.

அபிநயா இன்று காலேஜுக்குத் திரும்பினாள். அவளோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அவளைத் தொண தொண என்று கேட்டேன். கொடியைக் கொடுக்கிற தாய்மார்கள் தெரிந்துதான் கொடுக்கிறார்களா, அந்தத் தாய்க்கு இரத்தம் சோதிப்பார்களா, அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாதே என்று. "பிள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுக்கா. பொறந்தப்புறம் அதுக்கு அது தேவையே இல்ல" என்றாள். மூன்று தடவை சொல்ல வைத்தேன்.

ஒரு வரி கேட்டாய். இதோ.

போட்டுக்கொள்.

இது நீ செய்தது சரி என்பதற்காக இல்லை. உன்னை நான் மன்னித்தேன் என்பதற்காகவும் இல்லை. உன் வாய் திறக்க வேண்டும். எனக்கு அதில் இருந்து கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.

சீக்கிரம் டாக்டரிடம் சொல். நாளைக் காலையில் என்றால் நேரம் இல்லை.

அன்பு


அதே கடிதத்தின் கடைசித் தாள், பின்பக்கம்
ஞாயிறு, மாலை 4.40

மைனா,

ஒரு வரி கேட்டேன், இரண்டு பக்கம் வந்திருக்கிறது. அதற்குத்தானே உனக்கு மைனா என்று பெயர் வைத்தேன்.

நீலச்சட்டை நான்தான். உன்னைப் பார்த்தேன். பச்சைப் புடவை, கையில் ஒரு பை. வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். பக்கத்தில் இருந்தவர் "வாந்தி வருதாங்க?" என்று கவர் எடுத்துக் கொடுத்தார்.

டியூட்டி டாக்டரிடம் தாளைக் காட்டிவிட்டேன். எந்த வரி என்று தேடினார். விரல் வைத்துக் காட்டினேன். போனில் நந்தினி டாக்டரிடம் பேசினார். பழைய தாளை அடித்துவிட்டுப் புதிய தாளில் கையெழுத்து வாங்கினார்கள். நாளைக் காலை எட்டு மணிக்கு முதல் ஆள் நான்.

உன்னை ஒன்று கேட்கிறேன். பாக்கெட்டைப் பிரிக்கும்போது எனக்கு மயக்கம் கொடுத்திருப்பார்கள். அதன்மேல் தேதி போட்டிருக்குமாம். எந்த மாதம் என்று கேட்டு வைத்துக்கொள். ஏன் கேட்கிறேன் என்று உனக்குத் தெரியும்.

பயமாக இருக்கிறது. கீழேயே இரு. மேலே வராவிட்டாலும் பரவாயில்லை.

புகழ்


சென்னை, ஆஸ்பத்திரி வராந்தா
17.3.2025, திங்கள், மாலை

மாமா,

இதை நீ எப்போது படிப்பாயோ. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இரண்டு கன்னமும் பூரி மாதிரி உப்பியிருக்கிறது. மூக்கில் குழாய், வாய் நிறையத் துணி. நீ தூங்குகிறாய். ஒரு வாரத்துக்குப் பேசக் கூடாதாம். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக நான் பேச, குறுக்கே பேசாமல் நீ கேட்கப்போகிறாய்.

காலையில் எட்டு மணிக்கு உன்னைத் தள்ளிக்கொண்டு போனபோது நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். நீ தலையைத் திருப்பித் திருப்பித் தேடினாய். நான் முன்னால் வந்திருக்க வேண்டும். காலை எடுத்து வைத்தேன், அதற்குள் கதவு மூடிவிட்டது. நாலு மணி நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். தென்றல் பிறந்த அன்று நீ வெளியே இப்படித்தான் நின்றிருப்பாய். அன்றைக்குக் கதவு திறந்ததும் உன்னிடம் தாளைத்தான் நீட்டியிருக்கிறார்கள். எனக்கு இன்றைக்குத்தான் அது புரிகிறது. கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்களிடம் எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவார்கள்.

பன்னிரண்டரைக்கு டாக்டர் நந்தினி வெளியே வந்தார். என்னைவிடச் சின்னப் பெண். என்னைப் பார்த்ததும், "நீங்கதான் வீட்லயா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆமாங்க" என்றேன்.

"மூணு விரல் போச்சு" என்று தன் விரலை அடுக்கிக் காட்டினார். "இப்ப திறந்துட்டோம். மறுபடி மூடாம பாத்துக்கறது உங்க கைலதான் இருக்கு. ஒரு வாரம் கழிச்சுக் குச்சி ஆரம்பிக்கலாம். அழுவாரு. விடாதீங்க."

"விடமாட்டங்க."

"பாத்தாலே தெரியுது" என்றார்.

திட்டை முழுசாக எடுத்தாயிற்றாம். மறுபடி சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், பத்து நாள் ஆகும். மாவா ஒரு பொட்டலம் இனிமேல் வாசலுக்குள் வந்தாலும் எல்லாம் வீண் என்றார். அதை நீ என்னிடம் விட்டுவிடுங்க என்று சொன்னேன். பதட்டத்தில் அவரையும் நீ என்று கூப்பிட்டுவிட்டேன்.

சவ்வைப் பற்றிக் கேட்டேன். அது எப்போதும் அங்கேயே இருக்குமா என்று. இருக்காதாம். புதுத்தோல் வரும்வரை போர்த்திக்கொண்டு இருக்குமாம், வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோய்விடுமாம். தேடினாலும் கிடைக்காது என்றார்.

நீ சொன்ன மாதிரி பாக்கெட்டைக் கேட்டேன். எதற்கு என்று கேட்கவில்லை. உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தார். உள்ளங்கை அளவுதான் இருக்கிறது, வெறும் கவர். "யாருதுன்னு எங்களுக்கும் தெரியாதும்மா. நம்பரும் தேதியும்தான் வரும்" என்றார். வெளிச்சத்துக்கு எடுத்துப் போய் எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

ஏப்ரல் இல்லை மாமா. மே. 2024 மே.

நம்முடையது இல்லை. தென்றல் பிறந்த ஏப்ரல் என்று இருக்கவேண்டும் என்று நீ ராத்திரியெல்லாம் சாமியைக் கும்பிட்டிருப்பாய். நானும்தான். மே என்று படித்ததும் படியில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் அழுதேன். வாய் முழுசாகத் திறந்துதான் அழுதேன். வாட்ச்மேன் வந்து, "யாரும்மா தவறிட்டாங்க?" என்று கேட்டார். யாரும் இல்லை என்று சொன்னேன். அப்புறம், என் மகள், நவம்பரில் என்று சொன்னேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

இப்போது அந்தக் கவர் என் பையில் இருக்கிறது. உன் கண்ணில் காட்டிவிட்டுத் தூக்கிப்போடலாம் என்று வைத்திருக்கிறேன். தூக்கிப்போடுவேனா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வருகிறேன். நமக்குள் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே, குச்சிக்காகத்தான் வருகிறேன். ஆறு மாதம் குச்சி வைப்பேன். அதற்கப்புறம் இருப்பதா போவதா என்று பிறகு பார்க்கலாம். அத்தை என்ன சொன்னாலும் தென்னைக்கு நான்தான் தண்ணீர் ஊற்றுவேன். மீன் குழம்பு வைப்பேன், காரத்தோடு. நீ ஒரு வாய் சாப்பிட்டு, எரியவில்லை என்று சொல்லும்வரைக்கும் வைப்பேன்.

உட்கார்ந்த இடத்தில் விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தென்றல் இருந்தால் இந்த மாதம் பதினொன்று முடிந்திருக்கும். உன் வாயில் போர்த்தியிருப்பது அவளைவிட ஒரு மாதம் இளையது. ஆணோ பெண்ணோ, எந்த ஊரோ. பத்து மாதம் என்றால் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுகிற வயசு. கட்டில் காலைப் பிடிக்கும், பிடி விட்டுவிடும், பொத்தென்று உட்காரும், யாரும் பார்க்காவிட்டால் அழாது.

அந்தப் பிள்ளை இப்போது நிற்கிறதா, மாமா?